கோப்பைகளைக் குவித்த குரு

ஹாரி ஹாப்மேன் (1906 - 1985)

ஒரு விளையாட்டு வீரர் தொடர்ந்து மூன்று வருடம் தன் நாட்டின் மிகப் பெரிய போட்டியில் இறுதி ஆட்டம் வரைக்கும் வருகிறார். மூன்று முறையும் தோற்றுப் போகிறார். ஒற்றையர் பட்டம் கடைசி வரை அவருக்குக் கிடைக்கவே இல்லை. அப்படிப்பட்டவரின் பெயரை உலகம் மறந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்?

அதுதான் இல்லை! டென்னிஸ் உலகில் அவர் பெயர் இன்றும் மரியாதையோடு உச்சரிக்கப்படுகிறது. அவர் பெயரிலேயே ஒரு சர்வதேசக் கோப்பை உண்டு. தனக்குக் கிடைக்காத வெற்றிகளைத் தன் மாணவர்களுக்குத் தேடித் தந்த அந்த மனிதரின் பெயர், ஹாரி ஹாப்மேன். நம் சென்னை வீரர் ராமநாதன் கிருஷ்ணனின் கதையோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. அது என்ன தொடர்பு என்று பிறகு பார்ப்போம். முதலில் அவருடைய சிறு வயதுக்குப் போவோமா?

வெறுங்கால் சிறுவன்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கிளீப் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே 1906-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் தேதி பிறந்தார் ஹாரி ஹாப்மேன். ஹென்றி கிறிஸ்டியன் ஹாப்மேன் என்பது முழுப் பெயர். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். பிறகு ரோஸ்ஹில் என்ற ஊரில் இருந்த பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் ஆனார்.

அந்தப் பள்ளி மைதானத்தில் ஒரு டென்னிஸ் களம் இருந்தது. ஹாரிக்கு அதுதான் முதல் பயிற்சிக்கூடம். 13 வயதில் மட்டையைக் கையில் எடுத்தார். காலில் ஷூ கிடையாது. வெறுங்காலோடு ஓடி ஓடி ஆடுவார். அப்படி ஆடியே, எல்லா வயதினரும் கலந்துகொள்ளக்கூடிய ஒரு போட்டியில் ஒற்றையர் பட்டத்தை வென்றுவிட்டார்!

பாராமட்டா உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது டென்னிஸோடு கிரிக்கெட்டும் ஆடினார். ஆனால், மனம் முழுக்க டென்னிஸில்தான் இருந்தது. அவர் அப்படி ஒன்றும் உயரமானவர் அல்ல. உயரமான வீரர்களைப் போல வேகமாக சர்வீஸ் போட முடியாது. அதனால், சுறுசுறுப்பாக ஓடுவது, எதிராளியின் பலவீனத்தைக் கவனிப்பது, யோசித்து ஆடுவது ஆகிய மூன்றையும் தன் ஆயுதங்களாக வைத்துக்கொண்டார்.

மூன்று இறுதி ஆட்டங்கள்

1928-ஆம் ஆண்டு, 21 வயதில் ஆஸ்திரேலியாவின் டேவிஸ் கோப்பை அணியில் ஹாப்மேனுக்கு இடம் கிடைத்தது. டேவிஸ் கோப்பை என்பது நாடுகளுக்கு இடையே நடக்கும் ஆண்கள் டென்னிஸ் போட்டி. 1900-ஆம் ஆண்டில் தொடங்கியது. டென்னிஸில் பெரும்பாலான போட்டிகளில் வீரர் தனக்காக ஆடுவார். இதில் நாட்டுக்காக ஆடுவார்.

அப்போது நடைமுறை எப்படி இருந்தது தெரியுமா? இரு நாடுகள் மோதினால் மொத்தம் 5 ஆட்டங்கள். 4 ஒற்றையர், 1 இரட்டையர். மூன்று நாட்கள் நடக்கும். எந்த நாடு 3 ஆட்டங்களில் ஜெயிக்கிறதோ, அந்த நாட்டுக்கு வெற்றி. முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற நாடு, ஜம்மென்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம். மற்ற நாடுகள் எல்லாம் மோதி, கடைசியில் ஜெயிக்கிற நாடு அதன் ஊருக்கு வந்து சவால் விட வேண்டும்! அதனால் இறுதிச் சுற்றுக்கே 'சவால் சுற்று' என்றுதான் பெயர். 1971 வரை இந்த வழக்கம் இருந்தது.

இரட்டையர் ஆட்டத்தில் ஹாப்மேன் கில்லாடி. ஜாக் கிராஃபோர்ட் என்பவருடன் சேர்ந்து 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் ஆஸ்திரேலிய இரட்டையர் பட்டத்தை வென்றார். ஆனால், ஒற்றையர் ஆட்டத்தில் மட்டும் கடைசிப் படியில் கால் இடறியது.

1930-இல் ஆஸ்திரேலிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் கார் மூன் என்பவரிடம் தோற்றார். 1931-இல் மீண்டும் இறுதி ஆட்டம். இந்த முறை எதிரில் நின்றவர், இரட்டையரில் அவருடன் சேர்ந்து ஆடிய நண்பர் கிராஃபோர்ட். தோல்வி. 1932-இல் மறுபடியும் இறுதி ஆட்டம். மறுபடியும் அதே கிராஃபோர்ட். மறுபடியும் தோல்வி!

வேறு யாராக இருந்தாலும் மனம் உடைந்து போயிருப்பார்கள். ஹாப்மேனுக்கும் வருத்தம் இருந்திருக்கும். ஆனால், டென்னிஸை விட்டு அவர் விலகவில்லை. தோல்விகள் அவருக்கு ஒரு விஷயத்தைக் கற்றுத் தந்திருந்தன. பெரிய ஆட்டத்தில் ஒரு வீரர் எப்போது தடுமாறுகிறார், எப்போது களைத்துப் போகிறார், எந்த நொடியில் நம்பிக்கையை இழக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அனுபவப் பாடமாகத் தெரியும். இந்தப் பாடம்தான் பின்னாளில் அவரைப் பெரிய குருவாக மாற்றியது.

பேனாவும் மட்டையும்

அந்தக் காலத்தில் டேவிஸ் கோப்பை, விம்பிள்டன் போன்ற போட்டிகளில் ஆடுபவர்கள் பரிசுப் பணம் வாங்கக் கூடாது. வெறும் கோப்பைதான் கிடைக்கும். அப்படியானால் சாப்பாட்டுக்கு? வேறு வேலை பார்க்க வேண்டும். ஹாப்மேன் மெல்போர்ன் நகருக்குச் சென்று, 'ஹெரால்டு' என்ற நாளிதழில் விளையாட்டுச் செய்தியாளராகச் சேர்ந்தார். செய்தி எழுதுவதற்காக ஆட்டங்களை உன்னிப்பாகப் பார்க்க வேண்டியிருந்தது. யார் எப்படி ஆடுகிறார், ஏன் ஜெயிக்கிறார், எங்கே கோட்டை விடுகிறார் என்று அலசி எழுதினார். பயிற்சியாளருக்குத் தேவையான பார்வை இப்படித்தான் கூர்மையாகிக்கொண்டே வந்தது.

1934-ஆம் ஆண்டு நெல் ஹால் என்ற டென்னிஸ் வீராங்கனையைத் திருமணம் செய்துகொண்டார். இருவரும் ஜோடியாகக் களம் இறங்கி, ஆஸ்திரேலிய கலப்பு இரட்டையர் பட்டத்தை 4 முறை வென்றார்கள். 1935-இல் விம்பிள்டன் கலப்பு இரட்டையர் இறுதி ஆட்டம் வரைக்கும் முன்னேறினார்கள்.

நெல் அம்மையாரும் சாதாரணமானவர் அல்ல. 1953-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மொரீன் கானலி, ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்ற முதல் பெண் என்ற சாதனையைப் படைத்தார். அந்த ஆண்டில் கானலிக்குப் பயிற்சி தந்து வழிகாட்டியவர் நெல் ஹாப்மேன்தான்! பெண்களுக்கும் நாடுகளுக்கு இடையிலான போட்டி வேண்டும் என்று பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். அந்தப் போட்டி 1963-இல் பெடரேஷன் கோப்பை என்ற பெயரில் தொடங்கியது.

போர் மூண்ட நாளில்

1938-ஆம் ஆண்டு ஹாப்மேன் ஆஸ்திரேலியாவின் டேவிஸ் கோப்பை அணிக்குத் தலைவரானார். கிரிக்கெட் கேப்டன் மாதிரி இந்தத் தலைவர் களத்தில் இறங்கி ஆட வேண்டும் என்பது இல்லை. களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வீரர்கள் பக்கம் மாறும்போது, துண்டையும் தண்ணீரையும் கொடுத்து, இரண்டே வார்த்தையில் ஆலோசனை சொல்வார். அந்த இரண்டு வார்த்தையில் ஆட்டமே மாறலாம்!

அந்த ஆண்டு அமெரிக்காவிடம் 3-2 என்று தோல்வி. அடுத்த ஆண்டு மறுபடியும் அமெரிக்காவுக்குப் போனார்கள். 1939 செப்டம்பர் மாதம். பிலடெல்பியா நகருக்கு அருகே ஆட்டம். முதல் நாள் நடந்த இரண்டு ஒற்றையர் ஆட்டங்களிலும் ஆஸ்திரேலியா தோற்றது. இன்னும் ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றால் எல்லாம் முடிந்தது.

அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய இடி இறங்கியது. செப்டம்பர் 3-ஆம் தேதி ஜெர்மனிக்கு எதிராக பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் போர் அறிவித்தன. இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது. வீரர்கள் வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிறார்கள். ஊரில் என்ன ஆகுமோ என்ற கவலை. இந்த மனநிலையில் ஆடி ஜெயிக்க வேண்டும்.

அட்ரியன் குவிஸ்ட், ஜான் பிராம்விச் இருவரும்தான் ஹாப்மேனின் வீரர்கள். இரட்டையர் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். கடைசி நாளில் குவிஸ்ட் ஐந்து செட் போராடி பாபி ரிக்ஸை வீழ்த்தினார். பிராம்விச் அடுத்த ஆட்டத்தை மூன்றே செட்டில் முடித்தார். 0-2 என்று பின்தங்கியிருந்த ஆஸ்திரேலியா, 3-2 என்று கோப்பையைக் கைப்பற்றியது! சவால் சுற்றில் இப்படி முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்ற பிறகு ஜெயித்த முதல் நாடு அதுதான்.

ஆனால், கொண்டாட நேரம் இல்லை. போர் காரணமாக அடுத்த 6 ஆண்டுகள் டேவிஸ் கோப்பை நடக்கவே இல்லை. 1946-இல் மீண்டும் தொடங்கியபோது ஹாப்மேன் தலைவர் பதவியில் இல்லை. 1946 முதல் 1949 வரை நான்கு ஆண்டுகளும் அமெரிக்காதான் ஜெயித்தது.

காலையில் ஓட்டம்... மாலையிலும் ஓட்டம்!

1950-ஆம் ஆண்டு ஹாப்மேனை மீண்டும் அழைத்தார்கள். அவரும் ஒப்புக்கொண்டார். ஒரு முடிவோடுதான் வந்தார். அமெரிக்க வீரர்களிடம் திறமை இருக்கலாம். ஆனால், ஐந்தாவது செட்டிலும் களைக்காத உடம்பு யாரிடம் இருக்கிறதோ, அவரே ஜெயிப்பார் என்பது அவர் கணக்கு.

அந்தக் காலத்தில் டென்னிஸ் வீரர்கள் பயிற்சி என்றால் டென்னிஸ் மட்டும்தான் ஆடுவார்கள். ஹாப்மேன் அதை மாற்றினார். காலையில் எழுந்ததும் நீண்ட தூரம் ஓட வேண்டும். பிறகு உடற்பயிற்சிக் கூடம். குதித்தல், குனிந்து நிமிர்தல், குறுகிய தூரத்தை வேகமாக ஓடுதல் என்று பயிற்சி நீளும். அதற்குப் பிறகுதான் மட்டையைத் தொடலாம்.

களத்திலும் ஒரு வித்தியாசமான பயிற்சி வைத்திருந்தார். ஒரு பக்கம் ஒரே ஒரு வீரர். எதிர்ப் பக்கம் வலைக்கு அருகே இரண்டு வீரர்கள். இரண்டு பேரும் மாறி மாறிப் பந்தை இடமும் வலமுமாக அடிப்பார்கள். தனியாக நிற்பவர் ஓடி ஓடி எல்லாப் பந்தையும் திருப்பி அடிக்க வேண்டும். நாக்குத் தள்ளிவிடும்! ஆனால், இந்தப் பயிற்சியைப் பல மாதம் செய்தவருக்கு, போட்டியில் எதிரே ஒரே ஒருவர் நிற்பது எளிதாகத் தெரியும் அல்லவா? இன்றைக்கும் உலகம் முழுக்க டென்னிஸ் பயிற்சிக்கூடங்களில் இந்த முறை இருக்கிறது.

ஒழுக்கத்தில் ஹாப்மேன் மிகவும் கண்டிப்பானவர். குறித்த நேரத்தில் வர வேண்டும், குறித்த நேரத்தில் தூங்க வேண்டும். விதியை மீறினால் அபராதம். எத்தனை பெரிய சாம்பியனாக இருந்தாலும் தப்ப முடியாது. அவர் ரொம்பவும் கெடுபிடி செய்கிறார் என்று முணுமுணுத்த வீரர்களும் உண்டு. அதே சமயம், மாணவர்களுக்குச் செல்லப் பெயர் வைத்து கேலி செய்வதும் அவருக்குப் பிடிக்கும். ராட் லேவர் என்ற பையன் ஆரம்பத்தில் மெதுவாக ஓடுவான். அவனுக்கு ஹாப்மேன் வைத்த பெயர் 'ராக்கெட்'! கிண்டலுக்கு வைத்த பெயரை லேவர் பிற்காலத்தில் நிஜமாக்கிக் காட்டினார். 1962-லும் 1969-லும் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றார்.

ஹாப்மேனின் உழைப்புக்கு முதல் வருடமே பலன் கிடைத்தது. 1950-இல் பிராங்க் செட்ஜ்மேன், கென் மெக்ரிகர் ஆகியோரைக் கொண்ட அணி, அமெரிக்காவை அதன் சொந்த மண்ணிலேயே 4-1 என்று வீழ்த்தியது. 1951, 1952 ஆகிய ஆண்டுகளிலும் கோப்பை ஆஸ்திரேலியாவிடமே இருந்தது.

19 வயது வீரர்கள்

இந்த நேரத்தில்தான் ஒரு பெரிய சோதனை வந்தது. பணம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று ஆடும் தொழில்முறை டென்னிஸ் அப்போது தனியாக நடந்துகொண்டிருந்தது. அதில் சேர்ந்தவர்கள் டேவிஸ் கோப்பையில் ஆட முடியாது. அமெரிக்காவின் ஜாக் கிரேமர் அதை நடத்தி வந்தார். இவர் யார் தெரியுமா? 1939-இல் ஹாப்மேனின் அணியிடம் இரட்டையர் ஆட்டத்தில் தோற்ற இளைஞர்களில் ஒருவர்! அவர் செட்ஜ்மேனையும் மெக்ரிகரையும் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

ஹாப்மேனின் இரண்டு தூண்களும் போய்விட்டன. 1953-இல் அமெரிக்கா மீண்டும் வருகிறது. யாரை வைத்து ஆடுவது? ஹாப்மேன் தயார் செய்திருந்தது, லூ ஹோட், கென் ரோஸ்வால் என்ற இரண்டு சிட்னி இளைஞர்களை. இருவருக்கும் 19 வயதுதான். 21 நாள் இடைவெளியில் பிறந்தவர்கள்! எதிரே நின்றவர்கள் டோனி டிராபெர்ட், விக் செய்க்சாஸ் என்ற அனுபவசாலிகள்.

மெல்போர்னில் 1953 டிசம்பர் கடைசி வாரம் ஆட்டம் நடந்தது. முதல் நாள் ஆளுக்கு ஒரு வெற்றி. இரட்டையர் ஆட்டத்தில் ரோஸ்வாலுக்குப் பதில் வேறு ஒருவரை இறக்கினார்கள். அது பலிக்கவில்லை. ஆஸ்திரேலியா 1-2 என்று பின்தங்கியது. மீதி இரண்டு ஆட்டங்களிலும் ஜெயித்தே ஆக வேண்டும்.

ஹோட்டும் டிராபெர்ட்டும் மோதினார்கள். முதல் செட்டே 13-11 என்று நீண்டது. ஹோட் முதல் இரண்டு செட்களை வென்றார். டிராபெர்ட் அடுத்த இரண்டையும் வென்றார். மழைத் தூறலில் புல்தரை வழுக்கியது. ஒரு கட்டத்தில் ஹோட் தடுமாறி, தரையில் விழுந்துவிட்டார். அரங்கமே அதிர்ந்து போனது.

நாற்காலியில் இருந்த ஹாப்மேன் என்ன செய்தார் தெரியுமா? பதறவில்லை. கையில் இருந்த துண்டை எடுத்து ஹோட்டின் தலை மேல் வீசினார். கூடவே ஒரு கேலிப் பேச்சு. இறுகிப் போயிருந்த ஹோட்டின் முகத்தில் சிரிப்பு வந்தது. பாரம் குறைந்தது. எழுந்து ஆடி, ஐந்தாவது செட்டை 7-5 என்று வென்றார்! அடுத்த நாள் ரோஸ்வால் செய்க்சாஸை வீழ்த்தினார். கோப்பை ஆஸ்திரேலியாவிலேயே தங்கியது.

எல்லோரிடமும் எப்போதும் கண்டிப்பு காட்டுவது பயிற்சியாளரின் வேலை அல்ல. எப்போது அதட்ட வேண்டும், எப்போது சிரிக்க வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹாப்மேனுக்கு அது தெரிந்திருந்தது.

கூட்டை விட்டுப் பறந்த பறவைகள்

1954-இல் கோப்பை கை நழுவியது. 1955-இல் மீட்டார்கள். பிறகு ரோஸ்வால் தொழில்முறை டென்னிஸுக்குப் போனார். ஹோட்டும் போனார். ஆஷ்லி கூப்பர், மால் ஆண்டர்சன் என்று அடுத்த வரிசையை உருவாக்கினார் ஹாப்மேன். அவர்களும் போனார்கள். நீல் பிரேசர், ராட் லேவர், ராய் எமர்சன் வந்தார்கள். 1962 முடிவில் லேவரும் போனார். பிரெட் ஸ்டோல், ஜான் நியூகோம்ப், டோனி ரோச் வந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு தோட்டக்காரர் மரம் வளர்க்கிறார். நன்றாகக் காய்க்கத் தொடங்கும்போது யாரோ வந்து பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். அவர் என்ன செய்வார்? ஹாப்மேன் மறுபடியும் விதை போட்டார். ஒவ்வொரு முறையும் போட்டார்! நாடு முழுக்கச் சிறுவர்களுக்கு நடந்த பயிற்சி முகாம்களைப் பார்த்து, திறமைசாலிகளைக் கண்டெடுத்துக்கொண்டே இருந்தார்.

1939-இல் ஒன்று, 1950 முதல் 1967 வரை பதினைந்து என, அவர் தலைமையில் ஆஸ்திரேலியா வென்ற டேவிஸ் கோப்பைகள் மொத்தம் 16!

நம்ம ஊர் கிருஷ்ணன்

இப்போது நம் ராமநாதன் கிருஷ்ணனிடம் வருவோம். அவருக்கும் ஒரு நல்ல குரு வாய்த்தார். அவர் வேறு யாருமல்ல, அவருடைய அப்பா டி.கே. ராமநாதன்தான்! தானே டென்னிஸ் ஆட்டக்காரராக இருந்த அவர், மகனுக்குப் பயிற்சி தந்து வளர்த்தார். 1954-ஆம் ஆண்டு விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை கிருஷ்ணன் வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர், மேலே நாம் பார்த்த ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பர்!

1960-இல் கிருஷ்ணன் விம்பிள்டன் அரை இறுதிக்கு முன்னேறி, நீல் பிரேசரிடம் தோற்றார். 1961-இல் கால் இறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தினார். அரை இறுதியில் ராட் லேவரிடம் தோற்றார். பிரேசர், எமர்சன், லேவர் மூவருமே ஹாப்மேனின் மாணவர்கள். அதாவது, அப்பாவிடம் கற்ற ஒரு தமிழ் இளைஞர், உலகின் மிகப் பெரிய பயிற்சியாளர் உருவாக்கிய படையோடு தனியாக மோதிக்கொண்டிருந்தார்.

1966-இல் அந்த மோதல் உச்சத்துக்குப் போனது. கொல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிராக நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில், கடைசி ஒற்றையரில் கிருஷ்ணன் தோல்வியின் விளிம்பில் நின்றார். தாமஸ் கோச் என்ற வீரர் 2-1 என்று செட் கணக்கில் முன்னிலை. நான்காவது செட்டிலும் 5-2 என்று முன்னிலை. அங்கிருந்து மீண்டு ஜெயித்தார் கிருஷ்ணன். இந்தியா முதல் முறையாக சவால் சுற்றுக்குத் தகுதி பெற்றது.

1966 டிசம்பரில் மெல்போர்னில் ஆட்டம். எதிரணியின் நாற்காலியில் ஹாப்மேன். முதல் நாள் இரண்டு ஒற்றையரிலும் இந்தியாவுக்குத் தோல்வி. மறுநாள் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் ஜோடி சேர்ந்தார்கள். எதிரே நியூகோம்ப், ரோச். முந்தைய ஆண்டு விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை வென்ற ஜோடி! முதல் செட்டை இந்தியா இழந்தது. அடுத்த மூன்று செட்களையும் வென்று எல்லோரையும் வியக்க வைத்தது. முடிவில் 4-1 என்று ஆஸ்திரேலியா கோப்பையை வென்றாலும், ஹாப்மேனின் அணியிடமிருந்து பறித்த அந்த ஒரு வெற்றி, இந்திய டென்னிஸ் வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது.

மீண்டும் சிறுவர்களிடம்

1968-ஆம் ஆண்டு ஜனவரியில் நெல் அம்மையார் காலமானார். 34 ஆண்டுகள் வாழ்க்கையிலும் களத்திலும் துணையாக இருந்தவரின் இழப்பு, ஹாப்மேனை மிகவும் பாதித்தது. அதே ஆண்டு டேவிஸ் கோப்பையும் அமெரிக்காவிடம் போனது. அதன் பிறகு அவர் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 16 கோப்பைகள் வென்றாகிவிட்டது. ஓய்வு எடுத்திருக்கலாம். ஆனால், அவர் அமெரிக்கா சென்று, நியூயார்க் அருகே போர்ட் வாஷிங்டன் என்ற ஊரில் இருந்த டென்னிஸ் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். உலக சாம்பியன்களுக்கு வழிகாட்டியவர், இப்போது உங்களைப் போன்ற சிறுவர்களுக்குப் பந்து போட ஆரம்பித்தார்! அங்கே அவரிடம் பயின்ற இருவர், விட்டாஸ் ஜெருலைட்டிஸ், ஜான் மெக்கன்ரோ. ஜெருலைட்டிஸ் 1977-இல் ஆஸ்திரேலிய ஓபன் பட்டத்தை வென்றார். மெக்கன்ரோ 1981, 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் சாம்பியன் ஆனார். எத்தனை ஆண்டுகளாக எந்த நாட்டை வீழ்த்தப் பாடுபட்டாரோ, அந்த நாட்டின் பிள்ளைகளுக்கே தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லித் தந்தார். கல்விக்கு எல்லை ஏது?

1971-இல் லூசி என்பவரை மறுமணம் செய்துகொண்டார். இருவரும் புளோரிடா மாநிலத்தில் ஒரு டென்னிஸ் பயிற்சிக்கூடத்தை நடத்தினார்கள். 1978-இல் சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் ஹாப்மேனின் பெயர் சேர்க்கப்பட்டது.

1985-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி, 79-வது வயதில், புளோரிடாவில் மாரடைப்பால் காலமானார். ஆஸ்திரேலியாவில் அவர் எத்தனையோ முறை சவால் சுற்றுக்காகக் களத்தின் ஓரம் உட்கார்ந்திருந்ததும் டிசம்பரின் அதே கடைசி வாரத்தில்தான்!

அவர் நினைவாக, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே அணியாக ஆடும் ஹாப்மேன் கோப்பைப் போட்டி, 1988 டிசம்பர் இறுதியில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தொடங்கியது. 2019 வரை அங்கே நடந்தது. பிறகு சில ஆண்டுகள் நின்று, 2023-இல் பிரான்சில் மீண்டும் நடந்தது. மனைவியுடன் ஜோடி சேர்ந்து பட்டங்கள் வென்றவருக்குப் பொருத்தமான மரியாதைதானே!

சுட்டீஸ்! உங்கள் பள்ளியில் பி.டி. சார் மைதானத்தை நான்கு ரவுண்டு ஓடச் சொன்னால், சிலருக்கு எரிச்சல் வரும். விளையாடத்தானே வந்தோம், எதற்கு ஓட்டம் என்று தோன்றும். அப்போது ஐந்தாவது செட்டில் வழுக்கும் புல்தரையில் எழுந்து நின்ற 19 வயது ஹோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அவரை எழ வைத்ததில், அந்தக் காலை நேர ஓட்டங்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். போட்டியில் தோற்றுவிட்டால், நமக்கும் அந்த விளையாட்டுக்கும் உறவு முடிந்துவிடுவதில்லை. கற்றதைத் தம்பி, தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்ற ஹாப்மேன் அதைத்தான் செய்தார். அவருக்குக் கிடைக்காத ஒற்றையர் பட்டங்களை, அவர் கைபிடித்து வளர்த்த பிள்ளைகள் உலகம் எங்கும் போய் வென்று வந்தார்கள்!